நம்மை ஆராய வருவோரை நாம் ஆராய்வது எப்படி?



மாலை நிறுவை முடிந்து, கூடையை இறக்கி, அடுப்பு மூட்டும் நேரம். லயத்துக்குக் கீழே ஒரு வாகனம் வந்து நிற்கிறது. காகிதக் கட்டும் கையுமாக இரண்டு மூன்று இளைஞர் இறங்கி வருகிறார்கள். "அம்மா, ஒரு சின்ன ஆய்வு. இருபது நிமிடந்தான்" என்கிறார்கள். இஸ்தோப்பில் உட்கார வைத்துச் சாயத் தண்ணீர் கொடுக்கிறோம். பிள்ளையின் கையைச் சுற்றி நாடா பிடித்து அளக்கிறார்கள். விரலில் ஒரு துளி இரத்தம் எடுக்கிறார்கள். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். வாகனம் இறங்கிப் போய்விடுகிறது. வட்டவளை மழையில் அதன் தடம்கூட மறுநாள் இராது.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து குழந்தைகளின் நிறையையும் உயரத்தையும் எழுதிக்கொண்டு போனார்கள். ஓராண்டுக்குப் பின் ஒரு தாய் என்னிடம், "அன்னைக்கு அளந்தாங்களே, எம்புள்ள பாசா பெயிலா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல அந்தத் தோட்டத்தில் ஒருவரும் இருக்கவில்லை. அளந்தவர்கள் பட்டம் பெற்றிருப்பார்கள்.

இந்நாட்களில் பல்கலைக்கழகங்கள் ஒரு புதிய சொல்லோடு நம்மிடம் வருகின்றன. "உங்களை ஆராய்வதற்காக அல்ல, உங்களோடு சேர்ந்து ஆராய்வதற்காக வந்திருக்கிறோம். இது ஒரு கூட்டாண்மை" என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆயினும் கூட்டாண்மை என்று பெயர் வைத்ததனால் மட்டும் ஒன்று கூட்டாண்மையாகிவிடாது. அது மெய்யானதா, பெயரளவானதா என்று அறிவதெப்படி? அதை மதிப்பிடும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வாரம் குடும்பமாக இருந்து சிந்திக்க இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் இந்த ஆய்வுகள் எதற்காக என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. அதை யாரும் அநீதி என்று சொல்வதில்லை. ஆனால் 2016-ம் ஆண்டின் தேசிய சனத்தொகை, சுகாதார ஆய்வு சொல்வது என்ன? நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17.3 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தோட்டப் பகுதியில் மட்டும் அது 31.7. இது மழையைப் போல் வானத்திலிருந்து விழுந்ததல்ல. சம்பளம், தண்ணீர், கழிப்பறை, தாயின் ஓய்வு, ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரம் ஆகிய மனிதர் தீர்மானித்த காரியங்களால் வந்தது. மனிதரால் வந்ததை மனிதரால் மாற்றவும் முடியும். தவிர்க்கக்கூடிய இத்தகைய ஏற்றத்தாழ்வுகளை நீக்குவதையே சுகாதாரத்தில் சமநீதி என்கிறார்கள். அந்த நீதிக்கு உதவுகிறதா என்பதுதான் நம் லயத்துக்கு வரும் எந்த ஆய்வுக்கும் உரைகல்.

உலகப் புகழ்பெற்ற ஓர் ஆய்வு நம் மலையகத்திலேயே நடந்திருக்கிறது. நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தலவாக்கலையிலிருந்து வடக்கே போனால் பூண்டுலோயா. அங்கே டன்சினன், ஹெரோ என்னும் இரு தோட்டங்கள். 1970-ம் ஆண்டில் நோர்வே நாட்டவரான பேராசிரியர் ஹரல்ட் லோவும் அவருடைய குழுவினரும் அங்கே வந்தார்கள். 14 முதல் 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்தார்கள். ஒஸ்லோ நகரத்தில் அதற்கு முந்திய ஆண்டில் 565 மாணவரையும் படித்தவர்களையும் பரிசோதித்திருந்தார்கள். ஒஸ்லோவிலே சிறு வயது முதல் பல் வைத்தியம் கிடைத்தவர்கள். இங்கே பல் வைத்தியம் என்பதையே அறியாதவர்கள். இரு சாராரையும் ஒப்பிட்டு, ஈற்று நோய், அதாவது முரசு நோய், வைத்தியம் இல்லாவிட்டால் எப்படி வளரும் என்று காண்பதே நோக்கம். 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப வந்து அதே மனிதரைப் பார்த்தார்கள்.

முடிவு 1986-ம் ஆண்டில் வெளிவந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு நோய் மிக விரைவாக முற்றியது; 81 பேருக்கு மிதமாக வளர்ந்தது; 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு நின்றுவிட்டது. விரைவாக முற்றியவர்களுக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பற்களும் 40 வயதில் 20 பற்களும் போய், 45 வயதில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. பற்சொத்தை அவர்களிடம் இல்லாததனால் அத்தனையும் ஈற்று நோயால் விழுந்தவை என்று திட்டமாகச் சொல்ல முடிந்தது. ஈற்று நோய் எல்லோரையும் ஒரே வேகத்தில் தாக்குவதில்லை என்ற பெரிய உண்மையை உலகம் இதனால் கற்றது. பல் வைத்தியப் படிப்பில் இன்றும் இந்த ஆய்வு போதிக்கப்படுகிறது. இன்று கண்டியிலோ கொழும்பிலோ நீங்கள் ஈற்று நோய்க்கு வைத்தியம் பெற்றால், பூண்டுலோயாவின் அந்த 480 பேருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆயினும் வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பற்களில் படியும் அழுக்கே ஈற்றழற்சியை உண்டாக்குகிறது, துலக்கினால் ஈறு குணமடைகிறது என்று 1965-ம் ஆண்டில் மாணவர்களைக் கொண்டு நிரூபித்துக் காட்டியவர் இதே லோ அவர்கள்தான். ஆகவே பூண்டுலோயாவுக்கு வந்தபோது அது அறியப்படாத செய்தியல்ல. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் எழுதிய கட்டுரையிலும் அம்மக்கள் வழக்கமான வாய்ச் சுத்தம் எதுவும் செய்யாதவர்களாகவே வர்ணிக்கப்படுகிறார்கள். (கரியும் உப்பும் விரலுமாகப் பல் விளக்கிய நம் தாத்தாமார் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ! கூட்டாளியாக ஒரு தோட்டத்தவர் அந்த மேசையில் இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டிருப்பாரா?) கட்டுரையின் தலைப்பில் நான்கு பெயர்கள், நால்வரும் வெளிநாட்டார். மனிதரில் ஈற்று நோயின் "இயற்கை வரலாறு" என்பது அவர்கள் இட்ட பெயர். லயத்தில் வாழ்பவனுக்குப் பல் வைத்தியர் இல்லாதது இயற்கையா?

அந்தப் பதினைந்து ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதை நம் வீடுகளில் மூத்தோர் சொல்வார்கள். 1948-ம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்தார்கள். 1964-ம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. 1973, 74-ல் தோட்டங்களில் பஞ்சம். 1977-லும் 1983-லும் கலவரம். ஆய்வு தொடங்கியபோது 480 பேர். 1985-ல் பரிசோதிக்கப்பட்டவர்கள் 161 பேர். ஆய்வு மொழியில் மற்றவர்கள் விடுபட்டோர். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகளுக்கு அச்சொல் வேறு விதமாகக் கேட்கும்.

வாக்குரிமை இல்லாதவன், துரையின் நிலத்தில் துரையின் லயத்தில் இருப்பவன், துரையின் அனுமதியோடு வந்த வெள்ளைக்கார வைத்தியரிடம் "வாயைத் திறக்கமாட்டேன்" என்று சொல்லியிருக்க முடியுமா? முடியாது என்று சொல்லக்கூடிய நிலையில் இருப்பவனுடைய சம்மதமே சம்மதம். கூட்டாண்மையின் முதற் கேள்வி இதுதான் என்று நான் கருதுகிறேன். 2010-ம் ஆண்டில் வேறொரு குழு மீண்டும் வந்து, எஞ்சியவர்களுள் 75 பேரைப் பார்த்தது. நாற்பது ஆண்டுகளில் அவர்கள் சராசரியாக ஏறத்தாழ 13 பற்களை இழந்திருந்தார்கள்.

பணம் தேடி வந்த ஆய்வுகள்தாம் இப்படி, தருமம் செய்ய வந்தவை நல்லவை என்றும் எண்ணிவிடக் கூடாது. 1916-ம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் நம் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. நோயைக் கண்டுபிடித்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள். அந்த வகையில் பூண்டுலோயாவை விட மேல். ஆனால் புழு திரும்பி வந்தது. ஏன்? மண்ணில் மலம் கிடக்கும்வரை வெறுங்காலோடு கொழுந்தெடுப்பவருக்குப் புழு ஏறத்தான் செய்யும். கழிப்பறை கட்ட வேண்டியவர்கள் தோட்ட முதலாளிமார். செலவுக்கு அஞ்சி அவர்களில் பலர் பின்வாங்கினார்கள். 1926-ல் களுத்துறையில் கிராமத்தவருக்கான சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நிறுவனத்தின் கவனம் தோட்டங்களை விட்டுக் கிராமங்களின் பக்கம் திரும்பிவிட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. மற்ற இடங்களில் ஆய்வுக் கூட்டாண்மை என்றால் மக்கள், பல்கலைக்கழகம் ஆகிய இரு கைகள். தோட்டத்திலோ மூன்றாவது கை ஒன்று எப்போதும் உண்டு. நிலமும் வழியும் லயமும் நிருவாகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஆய்வாளர் முதலில் அனுமதி கேட்பது ஒப்பீசில், பிறகுதான் நம்மிடம். ஆகவே தோட்டத்தில் நடக்கும் கூட்டாண்மையை மதிப்பிடுகிறவர்கள் அந்த மூன்றாவது கை என்ன வாக்குக் கொடுத்தது, முடிவு கசப்பாக இருந்தால் அது வெளிவர விடுமா, கழிப்பறை வேண்டும் என்று ஆய்வு சொன்னால் கட்டுவது யார் என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்க வேண்டும். முடிவில் கேட்டால் கிடைக்காது.

இனி, மதிப்பிடுவதற்கு ஒரு கருவியைப் பார்ப்போம். ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ல், ஒஸ்லோவில் வாய்கள் பரிசோதிக்கப்பட்ட அதே ஆண்டில், ஓர் ஏணியை வரைந்து காட்டினார். மக்கள் பங்கேற்பு எட்டுப் படிகள் கொண்டது என்றார். கீழ்ப்படிகள் இரண்டில் மக்கள் ஏய்க்கப்படுகிறார்கள் அல்லது திருத்தப்பட வேண்டியவர்களாக நடத்தப்படுகிறார்கள். நடுப்படிகளில் அறிவிக்கிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள், ஒருவரிருவரைக் குழுவில் சேர்த்துச் சமாதானப்படுத்துகிறார்கள். கூட்டாண்மை என்பது ஆறாவது படி. அதற்கும் மேலே அதிகாரத்தை ஒப்படைத்தல், மக்களே நடத்துதல் என்று இரண்டு. அவர் நகரத் திட்டங்களைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் நம் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. "கருத்துக் கேட்டோம்" என்பது நான்காம் படி. அதை ஆறாம் படி என்று எழுதிக்கொள்வது இன்றைய வழக்கமாகிவிட்டது.

எந்தப் படியில் நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. நம் பெண்களுக்கு நிறுவையைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? கொழுந்து எவ்வளவு என்பது கூடையில் மட்டும் இல்லை, தராசு யார் கையில், தண்ணீருக்கென்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணோடு ஆய்வையும் பார்த்தால் போதும். கேள்வியைத் தீர்மானித்தவர் யார்? மலையில் வேலை செய்யும் பெண்களிடம் முதலில் கேட்டிருந்தால் இரத்தசோகைக்கு முன்பாக, மலையில் ஒதுங்க ஓர் இடம் இல்லையே என்று சொல்லியிருப்பார்கள். பணம் யார் கையில்? ஆய்வாளருக்குச் சம்பளம், சாரதிக்குப் படி. கூட்டத்துக்கு வந்ததனால் அரைப் பேர் இழந்த தொழிலாளிக்கு ஒரு பிஸ்கட் பொட்டலமா? எழுதிக்கொண்டு போன விபரங்களின் பிரதி தோட்டத்தில் இருக்கிறதா? அச்சாகும் முன் முடிவுகளைத் தமிழில் நமக்கு வாசித்துக் காட்டினார்களா?

இவை எல்லாவற்றிலும் மேலான ஒரு சோதனை உண்டு என்பது என் அபிப்பிராயம். நாம் சொன்னதனால் அவர்களுடைய தீர்மானம் ஒன்றாவது மாறியதா? கேள்வித்தாளில் ஒரு கேள்வி நீக்கப்பட்டதா? கூட்ட நேரம் பெண்களுக்கு வசதியாக ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டதா? ஒன்றும் மாறவில்லை என்றால், எத்தனை கூட்டம் போட்டு எத்தனை படம் பிடித்தாலும் நாம் கூட்டாளிகள் அல்ல, சாட்சிகள் மட்டுமே. இந்தச் சோதனையை முடிவுக்குக் காத்திராமல் ஆறு மாதத்திலேயே செய்து பார்க்கலாம். பிள்ளைகளின் உயரம் கூடுவதற்கு ஆண்டுகள் செல்லும். மூன்று வருடத் திட்டத்தில் அது நடக்கவில்லை என்று ஒருவரைக் குறை கூறுவதும் முறையல்ல. ஆனால் காது கொடுக்கிறார்களா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

மதிப்பீட்டுக்கென்று அவர்களே ஒரு படிவம் கொண்டு வருவதும் உண்டு. "ஆய்வுக் குழுவின் மேல் உமக்குத் திருப்தியா?" என்று கேட்டு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடச் சொல்வார்கள். நம்மவர் ஐந்து போட்டுவிடுவார்கள்! வீட்டுக்கு வந்தவரை முகத்துக்கு நேரே குறை சொல்வது நம் வழக்கமல்லவே. அதோடு, குறை சொன்னால் வரவிருக்கும் தண்ணீர்க் குழாய் வராமல் போய்விடுமோ என்ற பயமும் உண்டு. அந்த ஐந்துகளைக் கூட்டி வகுத்து, "சமூகம் பெரிதும் திருப்தியுற்றது" என்று எழுதுவார்கள். இதற்குப் பதிலாகப் புளியங்கொட்டையைப் பயன்படுத்துங்கள். இரண்டு டப்பாக்களைத் திரை மறைவில் வைத்து, ஆளுக்கொரு கொட்டையைப் போடச் செய்து, நம்மவரே எண்ணட்டும். எழுதத் தெரியாத பாட்டியும் அதில் சரியாக மதிப்பிடுவார்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாவிட்டால் இந்தப் பாடம் பாதிப் பாடமாகும். "சமூகப் பிரதிநிதி" என்று மேசைக்குப் போகிறவர் யார்? அநேகமாகத் தோட்டத் தலைவர், அவருடைய மச்சான், கடைக்காரர் ஒருவர். கொழுந்தெடுக்கும் பெண்கள் அங்கே இல்லை. சாயத் தண்ணீர் ஊற்றும்போதுதான் உள்ளே வருகிறார்கள். பெயர்ப் பட்டியலில் உறவினரைச் சேர்ப்பதும், உதவி கிடைக்கும் என்று நோயைக் கூட்டிச் சொல்வதும் நம்மிடம் உண்டு. பல்கலைக்கழகத்தின் ஏணியை அளக்கும்போது நம் லயத்துக்குள் இருக்கும் ஏணியையும் அளக்கத்தான் வேண்டும்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று சிலர் கேட்கக்கூடும். 1972-ம் ஆண்டு கண்டியில் இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பெர்ஸ் சத்தியோதயம் நிலையத்தை ஆரம்பித்தார். அதற்கு அவர் கொடுத்த பெயரைக் கவனியுங்கள்: சமூக ஆய்வுக்கும் சந்திப்புக்குமான நிலையம். ஆய்வு என்றதோடு நிறுத்தவில்லை, சந்திப்பையும் சேர்த்தார். பல இனத்தவரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, தோட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து, எழுதி, அதற்காக வாதாடினார்கள். 2017-ல் அவர் காலமானார். அதே 2017-ல் தென்னாபிரிக்காவின் சான் மக்கள், தங்களை ஆராய வருவோர்க்குத் தாங்களே ஒழுக்க விதிகளை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்பவையே அவற்றின் தூண்கள். வேட்டையாடி வாழ்ந்த ஒரு சிறு சமூகம் உலகப் பல்கலைக்கழகங்களைப் பார்த்து, "முதலில் இதை ஏற்றுக்கொள், பிறகு உள்ளே வா" என்றது. உலக வைத்தியர்களின் ஹெல்சிங்கிப் பிரகடனமும் 2000-ம் ஆண்டுத் திருத்தத்தில், ஆய்வு எந்த மக்களிடையே நடக்கிறதோ அவர்கள் அதன் பலனைப் பெறக்கூடும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருந்தாலே அந்த ஆய்வு தகும் என்று கூறியது. நாம் கேட்பது சலுகையல்ல.

குடும்பத்தில் இதைப் பேசிய பின், உங்கள் டிவிசனில் ஒரு கொப்பி வாங்குங்கள். உயர்தரம் படிக்கும் ஒரு மகளிடம் அதைக் கொடுங்கள். வந்தவர் யார், எந்த நிறுவனம், எந்தத் தேதி, எத்தனை பேரிடம் என்ன கேட்டார், என்ன அளந்தார், என்ன வாக்குக் கொடுத்தார், முடிவை எப்போது கொண்டு வருவதாகச் சொன்னார் என்று அவள் எழுதட்டும். வந்தவர் அதில் கையொப்பம் இடட்டும். நம்மிடம் கையொப்பம் வாங்குகிறவர் தாமும் ஒன்று இடுவதில் தவறில்லையே. அடுத்த முறை யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள். நல்ல ஆய்வாளர் மகிழ்ச்சியோடு உட்கார்ந்து வாசிப்பார். அந்தக் கொப்பி ஒப்பீசிலும் வேண்டாம், சங்கக் காரியாலயத்திலும் வேண்டாம். காலையும் மாலையும் தாய்மார் எல்லோரும் போய் வரும் பிள்ளைக் காம்பராவில், மழை படாத ஒரு தட்டில் இருக்கட்டும்.